முழங்கால் மாற்றிய பிறகு ஸ்போர்ட்ஸ் கார்: ஏறுவதைவிட இறங்குவதைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 69 வயது. கோவையில் பம்புகளுக்கு உதிரி பாகம் செய்யும் பட்டறை நடத்தினேன், இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். இருபது வயதில் நண்பர்களோடு ரயிலேறிப் போய், சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் கார் பந்தயம் பார்த்தவன் நான். ஒரு நாள் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும் என்ற ஆசை அன்றைக்கு விழுந்தது. இரண்டு வருடம் முன்பு வலது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது நன்றாக நடக்கிறேன், கார் ஓட்டுகிறேன். போன மாதம் பழைய கார் விற்கும் ஓர் இடத்தில் போர்ஷே பாக்ஸ்டர் ஒன்றில் (மேற்கூரை திறக்கும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்) உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன், இறங்க முடியவில்லைங்க. இரண்டு பையன்கள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். மகன் பேசாமல் எஸ்யூவி வாங்கச் சொல்கிறான். மனைவிக்கு இடுப்பு வலி உண்டு, அவரும் கூட வருவார். 80 லட்சம் வரை செலவு செய்யலாம். ஆசையை விட்டுவிடுவதா?

— ஒரு வாசகர், கோவை

அன்புள்ள அய்யா,

ஆசையை விட வேண்டாம். அந்த பாக்ஸ்டரை மட்டும் விட்டுவிடுங்கள்.

பழைய கார்களைப் பரிசோதித்து, வாங்கலாமா கூடாதா என்று சொல்வதுதான் என் வேலை. இருபது வருடத்துக்கு மேல் இதைச் செய்கிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் அதே சங்கடத்தோடு பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் தங்கள் உடம்பைத்தான் குறை சொல்வார்கள். நான் முதலில் காரைப் பார்ப்பேன். அன்றைக்கு உங்களை இறங்கவிடாமல் செய்தது உங்கள் வயதோ காலோ மட்டும் இல்லை, அந்தக் காரின் அமைப்பும்தான். அது ஏன் என்று புரிந்துகொண்டால் எந்தக் கார் உங்களுக்குச் சரிவரும் என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்து ஒரு தடவை எழுந்து பாருங்கள். எழுவதற்கு முன்னால் இரண்டு பாதத்தையும் பின்னால் இழுத்து, கிட்டத்தட்ட நாற்காலிக்கு அடியில் கொண்டுவருவீர்கள். அப்புறம் மார்பை முன்னால் சாய்ப்பீர்கள். உடம்பின் பாரம் பாதத்துக்கு மேலே வந்ததும் தொடை தூக்கிவிடும். எழுவது என்பது இவ்வளவுதான்.

இப்போது பாக்ஸ்டரை நினைத்துப் பாருங்கள். கதவைத் திறந்தால் இருக்கைக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவே வயல் வரப்பு மாதிரி ஒரு மேடு இருக்கும். மேற்கூரை திறக்கும் கார்களில் கூரை தாங்க வேண்டிய பலத்தை அடிப்பாகம்தான் தாங்க வேண்டும் என்பதால் அந்த வரப்பைப் பலமாகச் செய்திருப்பார்கள். இறங்கும்போது உங்கள் பாதம் அந்த வரப்புக்கு அந்தப் பக்கம், தரையில் இருக்கிறது. பின்னால் இழுக்க வழியில்லை, வரப்பு தடுக்கிறது. பாதம் எங்கோ தள்ளி, உடம்பு எங்கோ பின்னால், இருக்கையோ முட்டிக்கும் கீழே. அந்த நிலையிலிருந்து கையை ஊன்றாமல் எழுவது முப்பது வயதுக்காரருக்கே சிரமம்.

இந்தத் தொல்லை கார் செய்தவர்களுக்கும் தெரிந்ததுதான். 1954-ல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரின் கதவுகள் பறவை சிறகு விரிப்பது போல மேலே தூக்கும். அழகுக்காக அப்படி வைத்தார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அந்தக் காரின் உடம்பைக் குழாய்களால் பின்னியிருந்தார்கள், பக்கவாட்டுக் குழாய்கள் உயரமாக ஓடியதால் வழக்கமான கதவு வைக்க இடமில்லை. அதனால் கதவைக் கூரையில் மாட்டினார்கள். அப்படியும் உள்ளே கால் நுழைக்க இடம் போதாமல், ஸ்டியரிங்கையே மடக்கும்படி செய்தார்கள். சாலையில் ஓடிய மிக அழகான கார்களில் ஒன்று அது. அதன் அழகு பிறந்தது ஏறி இறங்கும் சிரமத்தில்.

அடுத்து உங்கள் வலது முழங்கால். நம் ஊரில் ஓட்டுநர் இருக்கை வலது பக்கம் என்பதால் ஏறும்போது இடது கால் முதலில் உள்ளே போகும், வலது கால் கடைசியில் போகும். இறங்கும்போது வலது கால்தான் முதலில் தரையில் ஊன்றும், முழுப் பாரத்தையும் அதுதான் வாங்கும். அதாவது அறுவை சிகிச்சை செய்த காலே இறங்கும்போது உங்களைத் தூக்கும் காலாகவும் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். இடது முழங்கால் மாற்றியிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அதனால் பிசியோதெரபிஸ்டிடம் உங்கள் முட்டி இப்போது எத்தனை டிகிரி மடங்குகிறது என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாற்காலியிலிருந்து எழ 90 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே மடங்கினால் போதும். தாழ்ந்த இருக்கை என்றால் 100-ஐத் தாண்டி மடங்க வேண்டும். உங்கள் மடக்கம் 110-க்குள் நிற்கிறது என்றால் மிகத் தாழ்ந்த கார்களைப் பக்கத்தில் போய்ப் பார்க்கவே வேண்டாம்.

ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். செலவில்லாதது, பத்து நிமிடம் போதும். உயரம் குறைந்த ஒரு மர முக்காலியும் ஐந்தாறு தடிமனான பழைய பத்திரிகைக் கட்டுகளும் எடுத்துக்கொள்ளுங்கள். மனைவியோ மகனோ பக்கத்தில் நிற்கட்டும், ஓரம் சுவராக இருக்கட்டும். முதலில் 55 செ.மீ. உயரத்துக்குக் கட்டுகளை அடுக்கி உட்கார்ந்து, இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு எழுங்கள். ஐந்து தடவை சிரமமில்லாமல் எழ முடிந்தால் ஒரு கட்டை எடுத்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். எந்த உயரத்தில் முட்டி முனக ஆரம்பிக்கிறதோ அங்கே நிறுத்திவிடுங்கள். அதற்கு முந்தைய உயரம்தான் உங்கள் எண். அது உங்களுக்கு மட்டுமே சொந்தமான எண், எந்த விளம்பரத்திலும் கிடைக்காது. மனைவிக்கும் இதே போல ஓர் எண் எடுங்கள். அவருக்கு இடுப்பு வலி என்பதால் அவருடைய எண் உங்களுடையதைவிட அதிகமாகவே இருக்கலாம். வாங்கும் கார் இருவரில் பெரிய எண்ணுக்குப் பொருந்த வேண்டும்.

சாதாரண நாற்காலியின் உயரம் ஏறக்குறைய 45 செ.மீ. தாழ்ந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் தரையிலிருந்து இருக்கை மேல்பரப்பு வரை 40 செ.மீ. அல்லது அதற்கும் கீழே இருக்கும். செடான்களில் 50-ஐ ஒட்டி வரும், பெரிய எஸ்யூவிகளில் 65-ஐத் தாண்டும். மகன் எஸ்யூவி என்பது ஏன் என்று இந்த எண்களைப் பார்த்தால் புரியும். ஆனால் ரொம்ப உயரமும் நல்லதில்லை. உயரமான இருக்கையிலிருந்து ஒற்றைக் காலில் கீழே குதிப்பது போல இறங்கினால், அந்தப் பாரமும் உங்கள் வலது முட்டியில்தான் விழும். முட்டி உயரத்துக்குச் சற்று மேலே, இடுப்புக்கு நன்றாகக் கீழே இருக்கும் இருக்கைதான் உத்தமம்.

ஷோரூமுக்குப் போகும்போது ஒரு இஞ்ச் டேப் கொண்டுபோங்கள். பட்டறை நடத்தியவர் நீங்கள், டேப் பிடிக்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இருக்கையை முழு உயரத்துக்கு ஏற்றிவிட்டு, உட்காரும் இடத்தை உள்ளங்கையால் நன்றாக அழுத்தி, அங்கிருந்து தரை வரை அளங்கள். அதைவிட முக்கியமாக, இருக்கையின் வெளி ஓரத்திலிருந்து கார் உடம்பின் வெளி விளிம்பு வரை எவ்வளவு அகலம் என்று அளங்கள். அதுதான் நான் சொன்ன வரப்பு. ஒரே உயர இருக்கை உள்ள இரண்டு கார்களில் வரப்பு அகலமானது இறங்கக் கஷ்டமாக இருக்கும், குறுகலானது சுலபமாக இருக்கும். இந்த அளவை ஷோரூமில் யாரும் சொல்லமாட்டார்கள், கேட்டால் அவர்களுக்கும் தெரியாது.

கதவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கதவு கார்களின் கதவு நீளமானது, முழுசாகத் திறந்தால் கால் வைக்கத் தாராளமாக இடம் கிடைக்கும். ஆனால் முழுசாகத் திறக்க இடம் வேண்டுமே? நம் ஊர் அடுக்குமாடிகளிலும் மால்களிலும் ஒரு காருக்கு ஒதுக்கும் இடம் பெரும்பாலும் 2.5 மீட்டர் அகலம். போர்ஷே 911-ன் அகலம் 1.85 மீட்டர். நட்ட நடுவில் நிறுத்தினாலும் ஒரு பக்கத்துக்கு 32 செ.மீ.தான் மிஞ்சும், பக்கத்துக் கார் கோட்டை ஒட்டி நின்றால் இன்னும் மோசம். நீளமான கதவு கொஞ்சம்தான் திறக்கும், அந்தச் சந்தில் காலை நுழைத்து உடம்பைத் திருப்ப வேண்டும். நான்கு கதவு காரின் கதவு குட்டை என்பதால் அதே சந்தில் கோணம் அதிகமாகத் திறக்கும். உங்கள் வீட்டு போர்டிகோவில் இருபுறமும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துவிட்டுத்தான் இரண்டு கதவு கார் பற்றியே யோசியுங்கள்.

சரி, கார்களுக்கு வருவோம்.

உங்கள் தேவைக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது பிஎம்டபிள்யூ எம்340ஐ. ஆறு சிலிண்டர், 3 லிட்டர் எஞ்சின், நான்கு சக்கரத்துக்கும் இழுவை. நிறுவனக் கணக்குப்படி 100 கி.மீ. வேகத்தை 4.4 நொடியில் தொடும். பார்ப்பவர்களுக்கு அது ஒரு செடான்தான். சோழவரத்து ஆசை உள்ள ஒருவருக்கு செடான் என்றதும் மனம் கொஞ்சம் சுருங்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் அதை ஓட்டிப் பாருங்கள். வளைவு முடிந்து ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது அந்த எஞ்சின் போடும் சத்தத்தில் மனம் நிறைந்துவிடும். செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் உள்ள தொழிற்சாலையில் ஒன்று சேர்க்கப்படும் கார் இது. எக்ஸ் ஷோரூம் விலை 70 லட்சத்துக்கு மேல், சாலை வரியையும் காப்பீட்டையும் சேர்த்தால் உங்கள் 80 லட்சத்தைத் தாண்டிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இரண்டு மூன்று வருடம் ஓடிய வண்டி உங்கள் தொகைக்குள் தாராளமாகக் கிடைக்கும், நான் அதைத்தான் தேடச் சொல்வேன்.

ஆடி எஸ்5 ஸ்போர்ட்பேக் பார்க்க இதைவிட அழகு. ஆனால் அதன் கூரை பின்னோக்கிச் சரியும், பின் இருக்கையில் ஏறுபவர் தலையைக் குனிய வேண்டும். பேரப்பிள்ளைகளை ஏற்றுவதாக இருந்தால் கவலையில்லை, சம்பந்தியை ஏற்றுவதாக இருந்தால் யோசியுங்கள்.

நல்ல வேகமும் சுலபமான இருக்கையும் குறைந்த விலையில் வேண்டும் என்றால் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. 2025-ல் 53 லட்சத்தை ஒட்டிய விலையில் இங்கே வந்தது. ஹேட்ச்பேக் என்பதால் கூரை நிமிர்ந்து நிற்கும், தலை இடிக்காது, நாற்காலியில் உட்காருவது போல உட்காரலாம். இறக்குமதியாகி எண்ணிக்கையில் குறைவாக வந்த கார் என்பதால் கிடைக்கும்போதுதான் பார்க்க முடியும்.

ஃபோர்டு மஸ்டாங் 2016-ல் இந்தியாவுக்கு வந்தது. 5 லிட்டர், எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினின் சத்தத்தைக் கேட்டால் யாருக்கும் ஆசை வரும். பழைய வண்டி உங்கள் தொகைக்குள் கிடைக்கலாம். ஆனால் கதவு நீளமானது, கனமானது. ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்திவிட்டதால், இந்த மாதிரி அரிய காருக்கு உதிரி பாகத்துக்காகக் காத்திருக்க வேண்டிவரும். உங்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

போர்ஷே என்ற பெயர்தான் மனதில் நிற்கிறது என்றால் பாக்ஸ்டரைவிட 911-ஐப் பாருங்கள். எஞ்சின் பாக்ஸ்டரைப் போல முதுகுக்குப் பின்னால் நடுவில் இல்லாமல் காரின் கடைசியில் இருப்பதால் உட்காரும் அறை தாராளமாக இருக்கும், நிமிர்ந்து உட்காரலாம். ஸ்போர்ட்ஸ் கார்களில் ஏறி இறங்கச் சுலபமானவற்றில் அதுவும் ஒன்று. முன்பக்கத்தை ஏறக்குறைய 4 செ.மீ. தூக்கும் வசதி உள்ள வண்டியாகக் கிடைத்தால் நம் வேகத்தடைகளுக்கு அது பெரிய உதவி. விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உள்ள மெல்லிய வளைவாக இருக்க வேண்டும். நம் தெருக்களில் எத்தனை அப்படி இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். உங்கள் தொகையில் 911 கிடைத்தால் கொஞ்சம் வயதான வண்டியாக இருக்கும், எஞ்சின் சோதனை இல்லாமல் தொடவே கூடாது.

மேற்கூரை திறக்கும் கார்தான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால் ஒன்றைக் கவனியுங்கள். கூரை திறந்திருக்கும்போது நிமிர்ந்து நின்றபடியே உட்காரலாம், எழும்போது தலையை நேரே மேலே கொண்டுபோகலாம். கூரை மூடியிருக்கும்போது அதே கார் வேறு காராகிவிடும். மழை நாளில் கூரையை மூடிக்கொண்டு இறங்க முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பாக்ஸ்டரில் அன்றைக்குக் கூரை மூடியிருந்ததா?

எந்தக் கார் வாங்கினாலும் இருக்கையின் இரண்டு பக்கமும் எழும்பியிருக்கும் திண்டுகளைத் தொட்டுப் பாருங்கள். வளைவில் உடம்பைப் பிடித்துக்கொள்ளத்தான் அவை இருக்கின்றன, ஆனால் இறங்கும்போது தொடைக்கு அடியில் உறுத்தும். அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ள இருக்கையாக இருந்தால் இறங்குவதற்கு முன் விரித்துவிடலாம். இருக்கை நிலையை நினைவில் வைக்கும் பொத்தான் இருந்தால் இன்னும் நல்லது: ஒன்றில் ஓட்டும் நிலை, இன்னொன்றில் நன்றாகப் பின்னால் தள்ளி உயர்த்திய இறங்கும் நிலை. ஸ்டியரிங்கின் அடிப்பகுதி தட்டையாக இருப்பது தொடைக்கு இடம் தரும்.

இறங்கும் முறையையும் ஒரு தடவை சொல்கிறேன். இருக்கையைப் பின்னால் தள்ளி உயர்த்துங்கள், ஸ்டியரிங்கை மேலே தள்ளுங்கள். இரண்டு காலையும் சேர்த்து வெளியே கொண்டுவந்து உடம்பை முழுசாகக் கதவுப் பக்கம் திருப்புங்கள். இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, இரண்டு பாதமும் தரையில் பதிந்த பிறகுதான் எழ வேண்டும். ஏறும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள்: முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுங்கள். கதவைப் பிடித்துக்கொண்டு எழாதீர்கள், அது நகரும். போன வருடம் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் கதவைப் பிடித்து எழுந்தபோது கதவு விரிந்து, தரையில் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, மணிக்கட்டு வீக்கத்தோடு போயிற்று. கதவு பூட்டு மாட்டும் இடத்தில் கார் உடம்பில் ‘யூ’ வடிவ இரும்பு வளையம் இருக்கும். அதில் செருகிப் பிடித்துக்கொள்ளும் சிறிய கைப்பிடி ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இப்போது அந்த டாக்டர் அதைத்தான் பயன்படுத்துகிறார்.

உயரம் போதவில்லை என்று இருக்கை மேல் மெத்தை போடுவது, தடிமனான சீட் கவர் மாட்டுவது இரண்டும் வேண்டாம். பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கைக்குள்தான் இருக்கிறது, கவர் அதைத் தடுத்துவிடும். மெத்தை போட்டால் பெல்ட் இடுப்பு எலும்பில் பதியாமல் வயிற்றுக்கு ஏறிவிடும்.

கண்ணையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். தாழ்ந்த காரில் உட்கார்ந்தால் எதிரே வரும் எஸ்யூவியின் விளக்கு நேராகக் கண் மட்டத்தில் அடிக்கும். கண்புரை ஆரம்பித்திருந்தால் இரவில் அது பொறுக்க முடியாது. 55 வயதுக்கு மேல் ஓட்டுநர் உரிமத்தை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான் புதுப்பிக்கிறார்கள், அதற்கு எப்படியும் மருத்துவச் சான்று வேண்டும். ஆனால் அந்தத் தேதி வரும் வரை காத்திருக்காதீர்கள்.

கடைசியாக, டெஸ்ட் டிரைவ். ஷோரூம்காரர்கள் பத்து நிமிடம் ஓட்டவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்வார்கள். அது போதாது. குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும் என்று கேளுங்கள், 70 லட்சம் கொடுப்பவருக்கு அந்த உரிமை உண்டு. மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, நேராக உங்கள் வீட்டுக்கு ஓட்டி வந்து போர்டிகோவில் நிறுத்துங்கள். ஒரு மணி நேரம் மடங்கி இருந்த முட்டியோடு, யார் கையும் பிடிக்காமல், இருவரும் இறங்கிப் பாருங்கள். பந்தயக் கார் ஓட்டுநர்களுக்கே இந்தச் சோதனை உண்டு. ஃபார்முலா 1-ல் குறிப்பிட்ட நொடிகளுக்குள் காரைவிட்டு வெளியே வரத் தெரியாதவரைப் பந்தயத்தில் இறக்கமாட்டார்கள்.

முக்காலிச் சோதனையில் வந்த இரண்டு எண்களையும், போர்டிகோவின் அகலத்தையும் எழுதி அனுப்புங்கள். உங்கள் தொகையில் நல்ல நிலையில் இருக்கும் எம்340ஐ கிடைத்தால், அதை நானே வந்து பார்த்துச் சொல்கிறேன்.